காலி இருக்கைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

(பட்டிமன்றத் தலைப்பு: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அரங்குகள் காலியாவதற்குப் பெரிதும் காரணம் வீட்டுத் திரையா, ஆட்டத்தை நடத்தும் நிர்வாகமா? ‘நிர்வாகமே’ என்னும் அணியின் முதல் உரை.)

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைத் துறந்து வந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த விழா ஏன் சனிக்கிழமை நடக்காமல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். நம் சங்கத்தின் செயற்குழு இலையுதிர் காலத்தில் ஒரு விழாவுக்கு நாள் குறிக்கும்போது, பஞ்சாங்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அட்டவணையைத்தான் புரட்டுகிறது. சொந்த அரங்கில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில் ராகுகாலம், எமகண்டம் எதுவும் செல்லாது. நெடுஞ்சாலை முழுவதும் ஒரே நிறச் சட்டை அணிந்தவர்களின் வண்டிகளாக இருக்கும், நம் பிள்ளைகளும் அந்த வண்டிகளில் ஒன்றில்தான் இருப்பார்கள். அப்படிப்பட்ட ஆட்டத்துக்குக் கூட்டம் குறைகிறது என்றால், அது ஊர்த் தேரை இழுக்க ஆள் வரவில்லை என்பது போன்ற செய்தி. தேர் இழுக்க ஆள் வராத ஊரில், ஆட்களைக் குறை சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. தேரை நடத்தியவர்களையும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

முன்வரிசையில், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்காகச் சில வார்த்தைகள். இங்கே கால்பந்து என்றால் காலால் உதைத்து விளையாடும் ஆட்டம் அன்று. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் ஆட்டம். ஆடுபவர்கள் கல்லூரி மாணவர்கள். ஆனால் பார்ப்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் 1,07,601 பேர் அமரலாம். சீசன் டிக்கெட் என்றவுடன் உங்களுக்குத் தாம்பரம் – கடற்கரை மின்ரயில் நினைவுக்கு வரும். இங்கே, ஆகஸ்ட் இறுதி தொடங்கி நவம்பர் இறுதி வரை சொந்த அரங்கில் நடக்கும் ஆறேழு ஆட்டங்களுக்கும் ஒரே இருக்கையை முன்கூட்டியே பணம் கட்டிப் பிடித்து வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். அதைச் சீட்டு என்பதைவிட மண்டகப்படி என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். திருவிழாவின் ஐந்தாம் நாள் மண்டகப்படி இன்ன குடும்பத்துக்கு என்றால், தாத்தா போன பிறகும் பேரன் வந்து சாமிக்கு முன்னால் நிற்பான் அல்லவா? அதுபோல அப்பா அமர்ந்த பலகையில் மகள் வந்து அமர்வாள். அணி வென்றாலும் வருவார்கள், தோற்றாலும் திட்டிக்கொண்டே வருவார்கள். அந்த மண்டகப்படிக்காரர்கள் ஏன் விலகுகிறார்கள் என்பதே இன்றைய வழக்கு.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். வீட்டிலேயே பெரிய திரை இருக்கிறது, கழிப்பறைக்கு வரிசை இல்லை, நவம்பர் குளிரில் விறைக்க வேண்டியதில்லை, ஒரே நேரத்தில் நான்கு ஆட்டங்களைப் பார்க்கலாம், இளைஞர்களுக்கோ கைப்பேசியை விட்டுத் தலையை நிமிர்த்த நேரமில்லை. ஆகவே அரங்கு காலியாகிறது, இதில் நிர்வாகத்தின் மேல் குற்றம் இல்லை என்றார். அவர் தம் வீட்டு சோபாவை வருணித்த அழகில், எனக்கே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

சரிவு உண்டு என்பதில் இரண்டு அணிகளுக்கும் வழக்கில்லை. முதல்நிலைப் பிரிவில் ஆடும் அணிகளின் ஆட்டங்களுக்கு வந்தோரின் சராசரி 2008-இல் 46 ஆயிரத்தைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. 2017-இல் அது 42,203 ஆனது. 34 ஆண்டுகளில் அவ்வளவு பெரிய ஓராண்டு வீழ்ச்சி நிகழ்ந்ததில்லை. 2018-இல் 41,856 ஆகி, 1996-க்குப் பிறகு மிகத் தாழ்ந்த நிலைக்கு வந்தது. இவையெல்லாம் பல்கலைக்கழகங்கள் தாமே அறிவிக்கும் எண்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ், வாயிலில் உண்மையில் ஸ்கேன் செய்யப்பட்ட டிக்கெட்டுகளின் கணக்கைத் திரட்டிப் பார்த்தது. 2017 பருவத்தில் அது அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையில் ஏறத்தாழ 71 விழுக்காடுதான். நூறு பேர் வந்திருக்கிறார்கள் என்று ஒலிபெருக்கி முழங்கினால், அதில் 29 பேர் வெறும் காற்று. அந்த 29 பேரில் பலர் பணம் கட்டிவிட்டும் வராதவர்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பணம் கட்டியும் வராத மனிதர் அடுத்த ஆண்டு பணமும் கட்ட மாட்டார். அரங்கில் முதலில் கால் குறைகிறது; கல்லா குறைவது அதற்கு அடுத்த ஆண்டு. அதன் பிறகு சில ஊர்களில் கூட்டம் மீண்டு வந்திருக்கிறது என்பதும் உண்மையே; ஆனால் எங்கே மீண்டது, எதனால் மீண்டது என்று பார்த்தால் அது என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கும்; அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் திரையை விசாரிப்போம். தொலைக்காட்சி வந்தால் அரங்குக்கு ஆள் வராது என்ற அச்சம், எதிரணித் தலைவர் இன்று கண்டுபிடித்தது அன்று; அதற்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு, கூட்டம் குறைகிறது என்று 1951-லேயே கலங்கிப்போய், எந்த ஆட்டத்தை ஒளிபரப்பலாம், எத்தனை ஒளிபரப்பலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. அந்தக் கட்டுப்பாடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது தொலைக்காட்சி நிறுவனம் அன்று. ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும்தான். 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் உடன்படாத இருவரில் ஒருவரான நீதிபதி பைரன் ஒயிட், இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கால்பந்து வீரர். ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்தவர் கட்டுப்பாட்டின் பக்கம் நின்றார் என்பதை ஒரு செய்தியாக மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது? சனிக்கிழமை முழுவதும் எல்லா அலைவரிசைகளிலும் கால்பந்து ஓடியது. எதிரணியின் வாதப்படி அன்றே அரங்குகள் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மாறாக, 1998-இல் மிச்சிகனும், 2001-இல் ஒஹையோ ஸ்டேட்டும் பென் ஸ்டேட்டும் தங்கள் அரங்குகளை இன்னும் பெரிதாக்கின. கூட்டத்தின் சராசரி உச்சத்தைத் தொட்டது 2008-இல், அதாவது தீர்ப்புக்கு 24 ஆண்டுகள் கழித்து. 24 ஆண்டுகள் அருந்தியும் ஒன்றும் ஆகாத ஒரு பானம், 25-ஆம் ஆண்டில் திடீரென்று நஞ்சாகிவிட்டது என்றால், இடையில் அதில் வேறு எவரோ எதையோ கலந்திருக்கிறார் என்றுதானே பொருள்?

“அன்றைய திரை சிறியது, மங்கலானது, இன்றைய திரையில் புல்லின் நுனிகூடத் தெரிகிறதே” என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்குக் கொலராடோவைக் காட்டுகிறேன். 2022-இல் பன்னிரண்டு ஆட்டங்களில் பதினொன்றில் தோற்ற அணி அது. பழைய நட்சத்திர ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸ் பயிற்சியாளராக வந்த 2023-இல், 27 ஆண்டுகளில் முதன்முறையாக அதன் சீசன் டிக்கெட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் கொலராடோ ஸ்டேட் அணியுடன் நடந்த ஆட்டம், கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு இரவு இரண்டு மணிக்கு மேல்தான் முடிந்தது; அதைத் திரையில் சுமார் 93 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே நேரத்தில் அரங்கும் நிரம்பி வழிந்தது. திரை அரங்கைத் தின்றுவிடும் என்பது உண்மையானால், அன்று இரவு இரண்டும் ஒருசேர நிறைந்திருக்க வழியே இல்லை. அந்தப் பருவத்திலும் அணி நான்கு ஆட்டங்களில் மட்டுமே வென்றது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிக்காகக்கூட அந்தக் கூட்டம் வரவில்லை, தங்களுக்காக ஏதோ நடக்கிறது என்ற நம்பிக்கைக்காக வந்தது.

நெப்ராஸ்காவில், 2023 ஆகஸ்ட் 30 அன்று, பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் பெண்கள் கைப்பந்தாட்டத்தைப் பார்க்க 92,003 பேர் வந்தார்கள். அதுவும் தொலைக்காட்சியில் நேரலையாக ஓடிய ஆட்டம்தான். சோபா அன்றும் அங்கேதான் இருந்தது.

சரி, திரை நிரபராதி என்றால் குற்றவாளி யார்? இங்கே ஒரு குடும்பக் கதையைச் சொல்ல அனுமதி வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து வீடு வாங்கியபோது, பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். என் பிள்ளைகளுக்கு அவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. அவரிடம் இரண்டு சீசன் டிக்கெட்டுகள் இருந்தன. அவருடைய அப்பா காலத்திலிருந்து தொடர்ந்து வருபவை. ஆடுகளத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, அலுமினியப் பலகையில், வண்ணத்தில் எண் எழுதிய இரண்டு இடங்கள். மனைவிக்கு முழங்கால் வலி வந்த ஆண்டில் அவர் என்னை அழைத்துக்கொண்டு போனார். வறுத்த வேர்க்கடலையைத் தம் உள்ளங்கையில் பதினொன்றும் பதினொன்றுமாக அடுக்கி எனக்கு ஆட்டத்தின் விதிகளைச் சொல்லிக் கொடுத்தார். விளக்கி முடிந்த அணியைத் தின்றும் விட்டார். நான் கொண்டுபோன எலுமிச்சைச் சோறு மூன்றாம் ஆட்டத்திலிருந்து அந்த வரிசைக்கே பொதுச் சொத்தாயிற்று. முன்வரிசை ஆசிரியை, பின்வரிசை இரட்டையர், இருமிக்கொண்டே பாடும் ஒரு பெரியவர் என்று அந்தப் பலகையைச் சுற்றி ஒரு தெருவே இருந்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் வீட்டு முகவரி அறியாதவர்கள். ஆனால் யாருக்கு எந்த மாதம் அறுவைச் சிகிச்சை என்பதை அறிந்தவர்கள்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. டிக்கெட்டின் விலை அப்படியே இருக்கும், ஆனால் அந்த இருக்கையை வாங்கும் உரிமைக்கு ஆண்டுதோறும் ஒரு ‘நன்கொடை’ தர வேண்டும் என்றது. நம் ஊரில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போனவர்கள் எல்லாருக்கும் இந்தச் சொல்லின் பொருள் தெரியும். கட்டாயமாகக் கேட்டு, ரசீதில் மட்டும் விருப்பப்பட்டுக் கொடுத்ததாக எழுதிக்கொள்வதற்குப் பெயர் நன்கொடை. தாத்தா கொடுத்தார். சில ஆண்டுகள் கழித்து நன்கொடை கூடியது, கொடுத்தார். அதன் பிறகு, நன்கொடையாளர்களைப் புள்ளிக் கணக்கில் வரிசைப்படுத்தி இருக்கைகளை மறுபடி ஒதுக்கப் போவதாக, ‘நற்செய்தி’ என்ற தலைப்பிட்டு இன்னொரு கடிதம் வந்தது. அரை நூற்றாண்டாக அந்தக் குடும்பம் அமர்ந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, இவருக்கு அரங்கின் மூலையில், கொடிக்கம்பம் பாதி ஆடுகளத்தை மறைக்கும் இடத்தை ஒதுக்கியிருந்தார்கள். ஆசிரியையும் இரட்டையரும் ஆளுக்கொரு மூலைக்குச் சிதறினார்கள். அடுத்த ஆண்டு தாத்தா பணம் கட்டவில்லை. அவர் கையில் டிக்கெட் இருந்தது, காசும் இருந்தது. அந்தத் தெருதான் இல்லாமல் போயிருந்தது.

இதை ஒரு தாத்தாவின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. இந்த நன்கொடை முறை பல பல்கலைக்கழகங்களில் வேரூன்றியதற்குப் பின்னால் ஒரு வரிச் சலுகை இருந்தது. டிக்கெட் வாங்கும் உரிமைக்காகத் தரும் தொகையில் 80 விழுக்காட்டை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள மத்திய அரசின் வரிச் சட்டம் அனுமதித்தது. அதாவது நிர்வாகம் கேட்ட அதிகப் பணத்தில் ஒரு பகுதியை அரசாங்கமே மறைமுகமாகக் கொடுத்தது. 2017 டிசம்பரில் நிறைவேறிய வரிச் சட்டத் திருத்தம் அந்தச் சலுகையை அடியோடு நீக்கியது. சுமை முழுவதும் ரசிகரின் தோளுக்கு மாறிய அந்த நேரத்தில், மதியுள்ள நிர்வாகம் என்ன செய்திருக்க வேண்டும்? தொகையைக் குறைத்திருக்க வேண்டும். எத்தனை நிர்வாகங்கள் குறைத்தன என்று எதிரணியினர் தேடிப் பார்த்துச் சொல்லட்டும்.

பெயர் சொல்லியே பேச வேண்டும் என்றால், ஊரறிந்த ஒரு வரலாறு இருக்கிறது. 1975 நவம்பர் முதல், பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்ததாகக் கணக்குக் காட்டும் அரங்கு மிச்சிகனுடையது. அங்கே விளையாட்டுத் துறை இயக்குநராக டேவ் பிராண்டன் வந்தார். அதற்கு முன் டாமினோஸ் பீட்சா நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். 2013-இல், மூத்த மாணவர்களுக்கு நல்ல இடம் என்ற பழைய முறையை எடுத்துவிட்டு, முதலில் வருவோருக்கு முதலிடம் என்று மாற்றினார்கள். நண்பர்கள் சேர்ந்து அமர முடியவில்லை. சொந்த அரங்கில் நடக்கும் ஏழு ஆட்டங்களுக்கு மாணவர் கட்டணம் 295 டாலர் என்று இருந்த 2014-இல், அந்த ஏழில், கூட்டத்தை இழுக்கும் பரம எதிரிகளான ஒஹையோ ஸ்டேட் இல்லை, மிச்சிகன் ஸ்டேட் இல்லை, நோட்டர்டேம் இல்லை. மாணவர்கள் வாங்கிய சீசன் டிக்கெட்டுகள் ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தன. செப்டம்பரில், இரண்டு கோக் பாட்டில் வாங்கினால் மின்னசோட்டா ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் இலவசம் என்று ஒரு விற்பனைத் திட்டம் வெளியாகி, நாடே சிரித்தது. அந்த ஆட்டத்திலேயே தலையில் அடிபட்ட வீரரை மீண்டும் களத்தில் இறக்கியதும் சேர்ந்துகொள்ள, மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் வீட்டு வாசலுக்கே போய் முழக்கமிட்டார்கள். அக்டோபரில் அடுத்த ஆண்டுக்கான மாணவர் கட்டணம் 175 டாலராகக் குறைக்கப்பட்டது. அதே மாதம் 31-ஆம் நாள் இயக்குநர் பதவி விலகினார்.

நடுவர் அவர்களே, நான் கேட்கிறேன்: விடுதி அறையில் இரண்டு பேர் கட்டிலுக்கு நடுவே துணி காயப்போடும் மாணவன், 75 அங்குலத் திரையா வைத்திருந்தான், அதனாலா அரங்குக்கு வரவில்லை? பீட்சாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பது ஒரு தொழில். மனிதரை வீட்டிலிருந்து அரங்குக்கு வரவழைப்பது வேறு தொழில் என்பதை, அவ்வளவு பெரிய நிர்வாகம் சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தது.

இன்னொன்று நேரம். பணம் கட்டி டிக்கெட் வாங்கியவருக்கு ஆட்டம் எந்த நாள் என்று தெரியும், எத்தனை மணிக்கு என்று தெரியாது. பல ஆட்டங்களுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் நேரத்தைச் சொல்வார்கள். சில வேளைகளில் ஆறு நாள் முன்னால். மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வரும் குடும்பம் காலையிலேயே கிளம்ப வேண்டுமா, விடுதியில் அறை எடுத்து இரவு தங்க வேண்டுமா என்பதை ஒளிபரப்பு நிறுவனத்தின் முடிவுக்காகக் காத்திருந்து அறிய வேண்டும். நம் ஊரில் தேர் எத்தனை மணிக்கு வடம் பிடிப்பது என்பதை விளம்பரதாரர் முடிவு செய்வார் என்று ஒரு தர்மகர்த்தா அறிவித்தால், அவர் அடுத்த திருவிழா வரை பதவியில் இருப்பாரா? ஆட்டம் தொடங்கிய பிறகும் அதே கதைதான். ஆடுகளத்தின் ஓரத்தில் சிவப்புத் தொப்பி அணிந்த ஒருவர் கையை உயர்த்தினால், தொலைக்காட்சி விளம்பரம் முடியும்வரை இருபத்திரண்டு வீரர்களும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். வீட்டில் இருப்பவர் அந்த நேரத்தில் காப்பி போட்டுவிடுவார். அரங்கில் இருப்பவர் குளிரில் அந்தச் சிவப்புத் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பணம் கட்டியவர் இவர். பொறுத்துக்கொள்ள வேண்டியவரும் இவர்.

2022 ஆகஸ்டில், தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த பிக் டென் என்ற கூட்டமைப்பு ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்று நிறுவனங்களுடன் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் செய்தது. பெயர் பிக் டென். 2024 முதல் அதில் இருப்பவை பதினெட்டு அணிகள். எண்ணத் தெரியாதவர்கள் கல்லூரி நடத்துகிறார்களே என்று முன்வரிசையில் ஓர் அம்மா சிரிப்பது தெரிகிறது. இதைவிட வேடிக்கை, பசிபிக் கடற்கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இப்போது ‘அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பு’ என்பதில் ஆடுகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் அணியும் ஏறத்தாழ நான்காயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நியூ ஜெர்சி அணியும் ஒரே கூட்டமைப்பில் இருக்கின்றன. நம் ஊர்க் கபடிப் போட்டிக்குக் கூட்டம் வருவது எதிரணி பக்கத்து ஊர் என்பதால்தான். அந்த ஊரில்தான் நம் மைத்துனர் இருக்கிறார், தோற்றால் அடுத்த கல்யாண வீட்டில் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். இந்தப் பக்கத்து ஊர்ப் பகையைத்தான் கூட்டமைப்பு மாற்றங்கள் அறுத்துப் போட்டன. 1894-இல் தொடங்கிய டெக்சாஸ் – டெக்சாஸ் ஏ அண்ட் எம் மோதல், 2011-க்குப் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் நடக்கவேயில்லை. அது 2024-இல் மீண்டபோது அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல். பிட்ஸ்பர்க்கும் மேற்கு வர்ஜீனியாவும் ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் பங்காளிகள். அவர்களின் ஆட்டமும் பத்தாண்டுகளுக்கு மேல் நின்றுபோய், 2022 செப்டம்பரில் மீண்டது. அன்று வந்தவர்கள் 70,622 பேர். பிட்ஸ்பர்க் நகரின் விளையாட்டு வரலாற்றில் அவ்வளவு பெரிய கூட்டம் கூடியதில்லை. அதுவும் நாடு முழுவதும் ஒளிபரப்பான ஆட்டம்தான். கூட்டம் எங்கே மீண்டது, எதனால் மீண்டது என்று பின்னால் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

அலபாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. வென்றுகொண்டே இருந்த அணி அது. அங்கேயும் மாணவர்கள் பாதி ஆட்டத்தில் எழுந்து போகிறார்கள் என்று பயிற்சியாளர் நிக் சேபன் வருந்தினார். 2019-இல் பல்கலைக்கழகம் என்ன செய்தது? மாணவரின் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கி, ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நான்காம் பகுதி வரை அரங்கிலேயே இருப்பவருக்குப் புள்ளி என்று அறிவித்தது. வகுப்பறைக்குத்தான் வருகைப் பதிவேடு என்று நினைத்திருந்தோம், ஆட்டத்துக்கும் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் ஏன் எழுந்து போகிறார்கள்? செப்டம்பர் வெயிலில், பணம் கொடுத்து வரவழைத்த எளிய அணியை நாற்பது புள்ளி வித்தியாசத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போது, எஞ்சிய நேரத்தில் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? இப்படி அடி வாங்குவதற்கென்றே கூலி கொடுத்துக் கூப்பிட்ட அணிதான், 2007-இல் மிச்சிகனை அதன் சொந்த அரங்கிலேயே 34–32 என்று வீழ்த்திவிட்டு, நான்கு லட்சம் டாலரையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய அப்பலாச்சியன் ஸ்டேட். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த கதை அது. நேரம் இல்லாததால் விடுகிறேன்.

கலிஃபோர்னியாவில், 2022 செப்டம்பர் தொடக்கத்தில், யு.சி.எல்.ஏ. அணியின் முதல் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 90 ஆயிரம் பேர் அமரக்கூடிய ரோஸ் பௌல் அரங்கில் வந்தவர்கள் 27,143 பேர். வளாகத்திலிருந்து அரங்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவு, உச்சி வெயில், மாணவர்களுக்கோ அந்த மாதக் கடைசியில்தான் வகுப்பே தொடங்கும். இதற்குமா சோபா பொறுப்பு?

“இத்தனையும் செய்யவைத்தது தொலைக்காட்சிப் பணம்தானே, அப்படியானால் திரைதானே குற்றவாளி” என்று எதிரணி மடக்கப் பார்க்கும். தலைப்பில் இருப்பது வீட்டுத் திரை. என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடி யாரோடும் ஒப்பந்தம் போடவில்லை. விலை பேசியவர்கள், கையெழுத்திட்டவர்கள், 1984-இல் அந்த உரிமைக்காக நீதிமன்றம் வரை போனவர்கள் எல்லாரும் பல்கலைக்கழகத்துக்காரர்கள். வந்த பணம் எங்கே போயிற்று என்பதையும் பாருங்கள். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. நீக்கியதற்காக அவருக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு அவ்வளவு சம்பளம் என்று தெரிந்திருந்தால், நம்மில் பலர் மென்பொருள் படித்திருக்க மாட்டோம். டென்னசி பல்கலைக்கழகமோ, 2025 சீசன் டிக்கெட்டில், ஆடும் வீரர்களுக்குத் தருவதற்காகப் பத்து விழுக்காடு ‘திறமைக் கட்டணம்’ என்று தனியாகச் சேர்க்கப் போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. ஆடும் பிள்ளைகளுக்குப் பங்கு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. எலும்பு முறிவது அவர்களுக்குத்தான், பல்லாண்டுகளுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நீக்கிய பயிற்சியாளருக்குக் கோடிகளைக் கண்டுபிடிக்கும் துறைக்கு, ஆடும் பிள்ளைக்குக் கொடுக்க மட்டும் மேல்வரிசைக் குடும்பத்தின் பணப்பைதான் கண்ணில் படுகிறது என்பதையே சுட்டுகிறேன்.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் திரும்பி, முடித்துக்கொள்கிறேன். அவர் இப்போது ஆட்டத்தை வீட்டில்தான் பார்க்கிறார். ஆகவே எதிரணியின் கணக்கில் அவர் திரையால் பறிபோன ரசிகர். சென்ற மாதம் சனிக்கிழமை எலுமிச்சைச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். திரை ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் ஒலியை அணைத்திருந்தார்; பக்கத்தில் இருந்த வானொலியில், பல்கலைக்கழகத்தின் சொந்த வருணனையாளர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அமர்ந்திருந்தது சோபாவிலும் அன்று. அரங்குக்கு வெளியே வண்டிகளை நிறுத்திவிட்டுக் கூடிச் சாப்பிடுவோமே, அதற்காக முன்பு வாங்கிய பழைய மடக்கு நாற்காலி. அணியின் நிறம் பாதி வெளுத்துப்போயிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மடக்கு நாற்காலியையும் விரித்தே வைத்திருந்தார். நன்றி, வணக்கம்.